எழுத்தின் பிழையா, திரையின் பிழையா?

இந்திய மொழி எழுத்துகளில் அச்சாகி, இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ்ச் சிறு நூல். அது 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, அஃதாவது 1579-இல், ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் மற்றொரு தமிழ் நூல் கொச்சியில் அச்சேறியது. இவ்விரண்டையும் தமிழாக்கியவர், அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் குறிக்கும் போர்த்துக்கீசியப் பாதிரியார் ஆவார். ஆகவே கொச்சியில் வாழும் தமிழர், தம் மொழியின் அச்சு வரலாறு தொடங்கிய கடற்கரையிலேயே தாம் வாழ்வதாகப் பெருமையுடன் கூறிக்கொள்ளலாம்.

அந்நாளைய அச்சின் இயல்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஈயத்தில் எழுத்து வார்த்தார்கள், வரிவரியாகக் கோத்தார்கள், மைதடவித் தாளில் அழுத்தினார்கள். எழுத்தின் வடிவும், வரியின் நீளமும், பக்கத்தின் அளவும் அச்சகத்திலேயே முடிவாகிவிட்டன. அப்புத்தகத்தை யார் கையில் எடுத்தாலும், எந்த ஊரில் விரித்தாலும், ஒரே தோற்றத்தையே காண்பர். கண்ணாடி அணிந்து படிப்பதைத் தவிர, வாசகர் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை.

இன்று நாம் திரையில் படிக்கும் இணையப் பக்கம் அத்தகையதன்று. அதனை அனுப்புவோர் எழுத்தின் வடிவத்தைப் பெரும்பாலும் அனுப்புவதில்லை, எண்களையே அனுப்புகின்றனர். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு என்னும் ஏற்பாட்டின் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அம்முறைப்படி ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949, ‘க’வின் எண் 2965, நம் மொழிக்குச் சிறப்பெழுத்தாகிய ‘ழ’வின் எண் 2996. சென்னையிலிருந்து ஒரு பக்கம் கொச்சிக்கு வந்து சேரும்போது இவ்வெண்களே வருகின்றன. அவற்றை எழுத்தாக்குவதும், வரியாகக் கோப்பதும், திரையின் அகலத்திற்கேற்ப மடிப்பதும் நம் கையிலுள்ள கருவியின் வேலை. பழைய அச்சகத்தில் ஈய எழுத்தை எடுத்துக் கோத்த அச்சுக் கோப்பவர், இன்று நம் கைப்பேசிக்குள் அமர்ந்திருக்கிறார் என்று சொல்லலாம்.

இவ்வுண்மை விளங்கிவிட்டால், திரையில் தமிழ் கோணலாகத் தோன்றும்போது நாம் அஞ்சவேண்டியதில்லை. வந்த எண்கள் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். கோத்த முறையிலேயே குறை இருக்கும். கோப்பவர் நம்மிடத்தில் இருப்பதால், அக்குறையைத் திருத்தும் வாய்ப்பும் பெரும்பாலும் நம்மிடத்திலேயே உள்ளது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இஃது ஏன் முக்கியம் என்பதை மட்டாஞ்சேரியை வைத்தே விளக்கலாம். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் அருகருகே ஒலிக்கும் பேட்டை அது. நறுமணப் பொருள்களின் கிடங்குகள் நிறைந்த கடைவீதியிலும், அண்மையிலுள்ள கோட்டைக் கொச்சியின் வேளிப் பகுதியில் சலவைத் தொழில் செய்யும் குடும்பங்களிலும் தமிழ் வழங்குகிறது. இவ்வாறு வெளிமாநிலத்தில் வாழ்பவருக்கு ஊரிலுள்ள நிலத்தின் பட்டாவும், வாக்காளர் பட்டியலும், நாளிதழும் இன்று திரையின் வழியாகவே வந்து சேர்கின்றன. நேரில் சென்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பெற இரண்டு நாள் பயணமும் கூலி இழப்பும் ஆகும். ஆகவே திரையில் தோன்றும் தமிழ், அவருக்குச் சொத்தையும் உரிமையையும் காட்டும் சான்றாகும்.

அச்சான்று கட்டங்கட்டமாகவோ, புரியாத குறிகளாகவோ தோன்றினால் என்ன நேர்கிறது? “தமிழ் சரியாக வரவில்லை, இங்கிலீஷிலேயே எடுத்துக் கொடுங்கள்” என்று சேவை நிலையத்தாரிடம் கேட்டுவிடுகிறோம். அதனால் வரும் இழப்பு சிறிதன்று. வள்ளி என்பதும் வல்லி என்பதும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடும். ஓர் ஆவணத்தில் ‘ழ’கரத்திற்கு ஒரு விதமாகவும் மற்றோர் ஆவணத்தில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்துகள் அமையும். பிறகு தந்தையின் பெயரும் மகனின் சான்றிதழும் பொருந்தவில்லை என்று வங்கியிலோ பதிவு அலுவலகத்திலோ தடை எழும். திரையின் அமைப்பில் ஒரு நிமிடத்தில் நீங்கியிருக்கக்கூடிய குறை, ஆண்டுக்கணக்கில் தொடரும் பெயர்ச் சிக்கலாக வளர்ந்துவிடுகிறது. ஆகவே தமிழைக் கைவிடுமுன் திரையைச் சோதிப்பதே முறை. குறைகளை அவற்றின் தோற்றத்தைக் கொண்டு வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய பரிகாரத்தைக் காண்போம்.

முதலாவது, எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் வரிசையாகத் தோன்றுவது. எண் வந்து சேர்ந்தது. ஆனால் அவ்வெண்ணுக்குரிய வடிவம் கருவியில் இல்லை என்பதே இதன் பொருள். அச்சகத்தின் மொழியில் சொன்னால், அறைப்பெட்டியில் அந்த எழுத்து இல்லை. விண்டோஸ் கணிப்பொறிகளில் லதா என்னும் தமிழ் எழுத்துரு விண்டோஸ் 2000 பதிப்பிலிருந்தும், நிர்மலா என்னும் எழுத்துரு விண்டோஸ் 8 பதிப்பிலிருந்தும் இடம்பெற்றுள்ளன. அவை நீக்கப்பட்டிருந்தாலோ கருவி மிகப் பழையதாக இருந்தாலோ கட்டங்கள் தோன்றும். தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவி, உலாவியை மூடித் திறந்தால் போதும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. நம் மலையாள நண்பர்களுக்கும் இத்தொல்லை நேர்ந்ததுண்டு. மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்குத் தனி எண்கள் 2008-ஆம் ஆண்டில், யூனிகோடு 5.1 பதிப்பில் வழங்கப்பட்டன. அதற்கு முற்பட்ட எழுத்துருக்களைக் கொண்ட கருவிகளில் சொல்லின் நடுவே சில்லு மட்டும் கட்டமாகத் தோன்றியது. புதிய எண்ணுக்குப் புதிய எழுத்துரு வேண்டும் என்பது எம்மொழிக்கும் பொதுவான விதி.

இரண்டாவது, எழுத்துகள் தோன்றினாலும் அவை பிரிந்தும் இடம் மாறியும் நிற்பது. ‘கொ’ என்னும் எழுத்தில் மெய்க்கு முன்னே ஒரு குறியும் பின்னே ஒரு குறியும் நிற்பதை நாம் அறிவோம். ஆனால் எண்ணாக வரும்போது, முதலில் ‘க’வும் அதன்பின் உயிர்க்குறியும் என்ற வரிசையிலேயே வரும். குறியை இருபுறமும் பிரித்து வைப்பது கருவியின் பொறுப்பு. அத்திறமை இல்லாத பழைய கருவியில் உயிர்க்குறிகள் புள்ளிகளாலான வட்டத்தோடு தனியே நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதற்கென வட்டார மொழி அமைப்பில் ஒரு வசதியைத் தனியே இயக்க வேண்டியிருந்தது. இன்று புழங்கும் கருவிகளில் அத்திறமை இயல்பாகவே உள்ளது. ஆகவே இக்குறை தோன்றினால், உலாவியையும் இயங்குதளத்தையும் புதுப்பிப்பதே பரிகாரம். விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றில் குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது என்பதையும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்கான ஆதரவை அதன் நிறுவனத்தார் 2022 ஜூன் திங்களில் முடித்துக்கொண்டனர் என்பதையும் நினைவிற் கொள்க. பழைய உலாவியில் புதிய பக்கம் சிதைந்து தோன்றுவது வியப்பன்று.

மூன்றாவது, தமிழுக்குப் பதில் அயல்மொழிக் குறிகள் அணிவகுப்பது. இதில் இரு வகை உண்டு. தலையில் சாய்கோடு தாங்கிய சிறிய ஆங்கில ‘ஏ’ எழுத்தும், வட்டத்திற்குள் ‘ஆர்’ எழுத்து அமைந்த குறியும் மீண்டும் மீண்டும் வந்தால், பக்கம் யூனிகோடிலேயே உள்ளது என்று உறுதி கொள்ளலாம். ஒவ்வொரு தமிழெழுத்துக் குறியும் இணையத்தில் மூன்று துண்டுகளாகப் பயணம் செய்கிறது. அம்மூன்றையும் ஒன்று சேர்க்காமல் உலாவி தனித்தனி எழுத்தாகப் படித்துவிட்டதால் இத்தோற்றம் ஏற்படுகிறது. பக்கத்தை மீண்டும் ஏற்றிப் பார்க்கலாம். பயர்பாக்ஸ் உலாவியின் காட்சிப் பட்டியலில், எழுத்துக் குறியாக்கத்தைச் சீர்செய்யும் கட்டளை ஒன்று உண்டு. அதனை அழுத்தினால் பெரும்பாலும் தமிழ் தோன்றிவிடும்.

இரண்டாம் வகை, பழைய எழுத்துருவில் அமைந்த பக்கங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் நிறுவனந்தோறும் தனித்தனி எண்முறை வழங்கியது. ஒருவர் ‘க’வுக்குக் கொடுத்த இடத்தில் மற்றொருவர் ‘து’வை வைத்தார் என்னும்படியான குழப்பம் நிலவியது. இதனைக் களையும் முயற்சியாக 1999-ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடைபெற்று, டாம், டாப் என்னும் எண்முறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. பின்னர் 2010-ஆம் ஆண்டில் யூனிகோடையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகளும் கடிதங்களும் இன்னும் பலரிடம் உள்ளன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் தம் மின்னூல்கள் பலவற்றைத் திஸ்கி என்னும் முறையிலும் யூனிகோடிலும் ஆக வழங்கியுள்ளனர். பழைய முறையில் அமைந்த கோப்பைத் திறந்து, ஆங்கிலக் குறிகளைக் கண்டு, கெட்டுவிட்டது என்று எவரும் அழித்துவிட வேண்டா. எழுத்துரு மாற்றி என்னும் கருவியில் அப்பகுதியை இட்டு, உரிய பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், மறைந்த கடிதம் மீண்டும் தமிழாய் எழும். இருபது ஆண்டுகளுக்கு முன் தாயகத்திலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலை இவ்வாறு மீட்பது பெரும் பேறல்லவா?

நான்காவது, எழுத்துகள் செம்மையாக இருந்தும் பக்கத்தின் அமைப்புக் குலைவது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வலப்புறம் வெட்டுண்டு போகும். விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தான் திரைக்கு வெளியே மறைந்துவிடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுகளே. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட அகன்றவை. ஆங்கிலச் சொல்லை எண்ணி வகுத்த சிறு பெட்டிக்குள் ‘விண்ணப்பதாரர்’ என்னும் சொல் அடங்காது. அதன்மேல் நாம் எழுத்தின் அளவையும் பெரிதாக்கிவிட்டால் பக்கம் என் செய்யும்?

கணிப்பொறியாயின், கண்ட்ரோல் விசையையும் சுழியையும் சேர்த்து அழுத்துக; பக்கம் தன் இயல்பான அளவுக்குத் திரும்பும். ஒரு தளத்தில் ஒருமுறை மாற்றிய அளவை உலாவி அத்தளத்திற்கென நினைவில் வைத்துக்கொள்ளும். பலர் வந்துபோகும் அட்சயா நிலையத்தில், முன்பு அமர்ந்தவர் மாற்றிய அளவு நமக்கும் எஞ்சியிருப்பது இதனாலேயாம். எல்லாத் தளங்களுமே பெரிதாகத் தோன்றினால், விண்டோஸின் திரை அமைப்பில் அளவு 125 அல்லது 150 விழுக்காடாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். கைப்பேசியாயின், எழுத்தின் அளவு, காட்சியின் அளவு என இரண்டு தனி அமைப்புகள் உண்டு. முதியோர் இரண்டையும் உச்சத்தில் வைத்திருப்பர். விண்ணப்பம் நிரப்பும் நேரத்திற்கு மட்டும் காட்சியின் அளவை ஒரு படி குறைத்து, பின்னர் மீண்டும் உயர்த்திக்கொள்ளலாம். கைப்பேசியைக் கிடையாகத் திருப்பிப் பார்ப்பதும், உலாவிப் பட்டியலில் ‘டெஸ்க்டாப் சைட்’ என்பதை இயக்கியோ நிறுத்தியோ பார்ப்பதும் மறைந்த பொத்தானை வெளிக்கொணரும் எளிய வழிகள்.

இவ்விடத்தில் புள்ளியைப் பற்றி ஒரு சொல். வரிகளுக்கிடையே இடம் குறைந்தால் மேலேயுள்ள புள்ளியும், ‘கு’, ‘மு’ முதலியவற்றின் கீழ்ச்சுழியும் வெட்டுண்டு போகும். ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாது எழுதுவதே பெருவழக்கு. கற்றோர் இடமறிந்து படித்தனர். ஆனால் ஆவணத்தைச் சரிபார்க்கும் அலுவலர் அவ்வாறு ஊகித்துப் படிப்பார் என எதிர்பார்த்தல் கூடாது. ஆகவே அச்சிட்ட படியில் புள்ளிகள் முழுமையாக உள்ளனவா என்று நிலையத்தை விட்டு எழுமுன் பார்த்துக்கொள்வது நன்று.

ஐந்தாவது, எழுத்தே கண்ணுக்குத் தெரியாமற் போவது. இரவு நேரத்திற்கென வகுத்த இருள்நிற அமைப்பு இயங்கும்போது, சில பக்கங்களில் வெள்ளை நிறத்தின்மேல் வெள்ளை எழுத்தோ, கறுப்பின்மேல் கறுப்போ விழுந்துவிடும். பக்கம் வெறுமையாகத் தோன்றும். இருள்நிற அமைப்பை நிறுத்திப் பார்த்தால் உண்மை வெளிப்படும். நிரப்பிய விவரங்கள் தெரியவில்லையே என்று ஒரே விண்ணப்பத்தை இருமுறை நிரப்பி அனுப்பும் தொல்லையும் இதனால் தவிரும்.

ஆறாவது குறையை நாம் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். அது நம் தொழிலோடு தொடர்புடையது. கேரளத்தில் வாழும் தமிழரின் கைப்பேசி மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அமைக்கப்பட்டிருப்பது இயல்பு. உலாவி தமிழ்ப் பக்கத்தைக் கண்டதும், மொழிபெயர்த்துத் தரவா என்று கேட்கிறது. ஒருமுறை எப்போதும் மொழிபெயர்க்குமாறு இசைந்துவிட்டால், அதன்பின் தமிழ்ப் பக்கங்கள் யாவும் தாமே வேற்றுமொழியாய் மாறி வரும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர் முதலில் கற்கும் பாடம், ஆட்பெயரை மொழிபெயர்க்கலாகாது என்பது. பொறியோ அப்பாடத்தை எப்போதும் கடைப்பிடிப்பதில்லை. தங்கம் என்னும் அம்மையாரின் பெயர் பொன்னைக் குறிக்கும் சொல்லாகவும், முத்து என்னும் பெரியவரின் பெயர் கடல்முத்தைக் குறிக்கும் சொல்லாகவும் மாறிவிடக்கூடும். பக்கம் அழகாகவே தோன்றும். கட்டமோ கோணலோ இராது. ஆயினும் உரிமையாளரின் பெயர் மறைந்துபோயிருக்கும். மேலே கூறிய குறைகளுள் எல்லாவற்றினும் கொடியது இதுவே. ஏனெனில் இது கண்ணுக்குக் குறையாகத் தோன்றாது. உலாவியின் மொழிபெயர்ப்புக் குறியைத் தொட்டு, மூலமொழியைக் காட்டச் செய்து, தமிழை ஒருபோதும் மொழிபெயர்க்க வேண்டா என்னும் தேர்வை இயக்குக. உலாவியின் மொழிப் பட்டியலில் தமிழையும் சேர்த்துவிடுக. பல மொழிகளில் அமைந்த சில தளங்கள் அப்பட்டியலை நோக்கியே தமக்குரிய மொழியைத் தெரிந்தெடுக்கின்றன.

இவற்றில் எதுவென்று புலப்படாவிடில் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் பக்கத்தை மீண்டும் ஏற்றுக. கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்டு, ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், பழைய சேமிப்பைப் புறக்கணித்துப் பக்கம் புதிதாக வரும். சீராகாவிடில் தனிமறைவுச் சாளரத்தில் திறக்க. அதில் சீராக இருந்தால், பழைய சேமிப்போ, உலாவியோடு நாம் இணைத்த ஏதேனும் துணைக்கருவியோ காரணம் என அறிந்து அதனை நீக்கலாம். அதிலும் சீராகாவிடில் வேறோர் உலாவியிலும், பின்னர் வேறொரு கருவியிலும் பார்க்க. இவ்வாறு படிப்படியாகச் சென்றால், குறை எப்படியில் உள்ளது என்பது தானே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் பத்து அமைப்புகளை மாற்றுவது தவறு. எது மருந்தாயிற்று என்பது பின்னர்த் தெரியாது.

எல்லாக் கருவிகளிலும் ஒரே விதமாகக் குறை தோன்றினால், பிழை அனுப்பியவரிடத்தில் உள்ளது என்று துணியலாம். அப்போதும் வாளாவிருத்தல் கூடாது. பக்கத்தின் முகவரி, கண்ட நாள், உலாவியின் பெயர், திரையின் படம் ஆகிய நான்கையும் இணைத்து உரிய அலுவலகத்திற்கு எழுதுக. “உங்கள் பக்கம் சரியில்லை” என்னும் பொதுவான முறையீட்டைக் கொண்டு எவரும் எதனையும் திருத்த இயலாது. இந்நான்கு விவரங்களும் கொண்ட கடிதம் திருத்துவோரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும். அன்றியும், தமிழ்ப் பக்கத்தைப் படிப்போர் வெளிமாநிலங்களிலும் உள்ளனர் என்பது அதனை அமைப்போருக்குத் தெரிய வருவதும் இத்தகைய கடிதங்களால்தான்.

தாராவியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் வாழும் நேயர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களின் கைப்பேசியை ஒருநாள் வாங்கி, மூன்று அமைப்புகளை மட்டும் சரிபார்த்துத் தருமாறு வேண்டுகிறோம். எழுத்தின் அளவும் காட்சியின் அளவும் அவர் கண்ணுக்கும் பக்கத்திற்கும் ஒத்துள்ளனவா? தானாக மொழிபெயர்க்கும் வசதி நிறுத்தப்பட்டுள்ளதா? உலாவி புதுப்பிக்கப்பட்டுள்ளதா? இதற்குக் கால்மணி நேரம் போதும். பட்டாவில் தம் தந்தையாரின் பெயரைத் தாமே தமிழில் படித்து, “ஆம், சரியாக இருக்கிறது” என்று அவர் கூறுவாராயின், அந்தக் கால்மணி நேரம் நற்பயன் தந்தது எனக் கொள்ளலாம்.